கிளை நட்டத்தில் ஓடுகிறது, ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போன மாதம்தான் பொது முகாமையாளராக வந்தேன். ஐந்து கடைகள், ஒரு கிராமிய வங்கி, எல்லாமாக 34 ஊழியர்கள். கீழ்க் கிளை எட்டு மாதமாக நட்டத்தில் ஓடுகிறது. கடை நேரத்தை மாற்றவும் மேலதிக நேர வேலையைக் குறைக்கவும் பணிப்பாளர் சபை தீர்மானித்துவிட்டது. அந்தக் கிளையைப் பக்கத்துக் கிளையோடு சேர்ப்பதா என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. அதற்குள் "கடையை மூடப் போறாங்களாம்" என்று தேயிலைத் தோட்ட லயம் முழுக்கக் கதை. ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம், இப்படியே அனுப்ப வேண்டாம். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் பந்தியில் "சவால் மிகுந்த காலகட்டம்", அடுத்ததில் "அர்ப்பணிப்புக்கு நன்றி", அதற்கடுத்து "மீளமைப்பு நடவடிக்கைகள்", முடிவில் "ஒரே குடும்பமாக". கடை நேரம் மாறுகிறது என்ற செய்தி இரண்டாம் பக்கத்தில், ஒரு நீண்ட வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது.

அந்தக் கிளையின் காசாளர் இதைக் கையில் வாங்கினால் தேடுவது ஒரே விஷயத்தைத்தான்: எனக்கு வேலை இருக்குமா, இந்த மாதச் சம்பளம் முழுசாக வருமா. அது கிடைக்கும் வரை நீங்கள் சொல்லும் நன்றி எதுவும் அவர் மனதில் ஏறாது. "மீளமைப்பு" என்று எழுதினால் நம் ஆட்கள் அதை "ஆள் குறைப்பு" என்றுதான் வாசிப்பார்கள், நீங்கள் என்ன நினைத்து எழுதியிருந்தாலும் சரி. "இணைப்பு" என்ற சொல்லிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஊர் ஊராக இருந்த சின்னச் சங்கங்களை எல்லாம் பெரிய பலநோக்குச் சங்கங்களாக ஒன்று சேர்த்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் கடைகளில் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் "நம்ம கடை இனி நம்ம கடை இல்லை" என்பது.

முதல் பந்தியை ஏறக்குறைய இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

"வருகிற 1ஆம் திகதியிலிருந்து எல்லாக் கடைகளும் காலை 8 மணிக்குத் திறந்து மாலை 6.30க்கு மூடும். மேலதிக நேர வேலை தோட்டச் சம்பள வாரத்தில் மட்டும்தான் இருக்கும். அடிப்படைச் சம்பளத்திலும் சேமலாப நிதியிலும் மாற்றம் இல்லை. கீழ்க் கிளையைச் சேர்ப்பது பற்றிச் சபை இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த கூட்டம் 22ஆம் திகதி, மறுநாள் காலை நானே கடைக்கு வந்து சொல்கிறேன்."

இவ்வளவுதான். இதற்குக் கீழே காரணத்தை எழுதலாம், நன்றியும் சொல்லலாம், தப்பில்லை. திகதிகளை உங்கள் கூட்டக் குறிப்பைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். முடிவானதையும் முடிவாகாததையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பாதீர்கள், அதுதான் முக்கியம். பத்துப் பதினைந்து வருடம் சங்கங்களின் கணக்குகளோடு கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வதந்தி பெரும்பாலும் அந்த இரண்டும் கலக்கும் இடத்தில்தான் பிறக்கிறது.

"யாருடைய வேலையும் போகாது" என்று நல்ல மனதோடு ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். சபைத் தீர்மானம் இருந்தால் தீர்மான இலக்கத்தோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுதக் கூடாது. கூட்டுறவு ஊழியர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று விஷயங்களுக்கென்று 1972ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்திலிருந்தே தனி ஆணைக்குழு ஏற்பாடு இருக்கிறது, கூட்டுறவு இப்போது மாகாணத்துக்குரிய விடயமும் கூட. அதனால் ஆளை இடம் மாற்றுவது பற்றி ஒரு சொல் எழுதுவதற்கு முன் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளர் அலுவலகத்தில் ஒரு நடை கேட்டுவிடுங்கள். மிகை ஊதியத்தைப் (போனஸ்) பற்றியும் வாயைத் திறக்க வேண்டாம். இலாபம் வந்தால் அதை என்ன செய்வது என்பது பொதுச் சபையின் கையில் இருக்கிறது.

இனி கணக்குக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் "கணிசமான நட்டம்" என்று மட்டும் இருக்கிறது. கணிசம் என்றால் எவ்வளவு? பத்தாயிரமா, பத்து இலட்சமா? தராசுக்குப் பின்னால் நிற்கிறவருக்குப் பத்து இலட்சம் என்றுதான் தோன்றும்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் புத்தகத்தைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கிளையின் மாத விற்பனை 26 இலட்சம் என்று வைப்போம். அரிசி, சீனி, பருப்பு, கோதுமை மா என்று ஓடுகிற கடையில் மொத்த இலாபம் 8 வீதம் கிடைத்தால் பெரிய காரியம், அதாவது 208,000 ரூபா. நான்கு பேருக்குச் சராசரி 45,000 சம்பளம் என்றால் 180,000. அதன் மேல் சேமலாப நிதிக்குச் சங்கம் கட்டும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர்ந்து 27,000. குளிர்சாதனப் பெட்டிகளோடு மின்கட்டணம் 36,000, வாடகை 25,000. கூட்டினால் செலவு 268,000. மாதம் 60,000 ரூபா துண்டு விழுகிறது.

இதை அப்படியே எழுதினாலும் அவர்களுக்கு ஒன்றும் புரியாது, கணக்காளருக்குத்தான் புரியும். இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். 60,000ஐ ஈடுகட்ட அதே 8 வீதத்தில் ஏழரை இலட்சம் கூடுதலாக விற்க வேண்டும், 30 நாளால் பிரித்தால் நாளொன்றுக்கு 25,000. "ஒரு நாளைக்கு இன்னும் 25,000 ரூபாவுக்கு விற்றால் இந்தக் கடை தன் காலில் நிற்கும்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒருவர் தேங்காய் எண்ணெய் பாதி நாள் இருப்பில் இல்லை என்பார். இன்னொருவர் சம்பள வாரத்தில் பால்மா முடிந்துபோய் ஆட்கள் எதிர்க் கடைக்குப் போனதைச் சொல்வார். அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த எண்.

மேலதிக நேரத்தைக் குறைப்பதை "செலவுக் கட்டுப்பாடு" என்று எழுதித் தப்பிக்கப் பார்க்கிறீர்கள். அது அவர்கள் பையிலிருந்து போகிற பணம். கடை அலுவலக ஊழியர் சட்டத்துக் கணக்கில் மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரை மடங்கு போட்டால், 40,000 வாங்குபவருக்கு மணிக்கு 250 ரூபா (உங்கள் சேவைப் பிரமாணம் வேறு மாதிரி இருந்தால் அதன்படி). மாதம் 20 மணித்தியாலம் செய்து வந்தவர் 5,000 இழக்கிறார். பிள்ளையின் டியூஷன் காசு அது. ஆளுக்கு ஆள் எவ்வளவு குறையும் என்று சின்னத் துண்டில் எழுதி, மடித்து, அவரவர் கையில் கொடுங்கள். பொதுக் கடிதத்தில் போடாதீர்கள், அடுத்தவர் சம்பளம் தெரிந்துவிடும், அது வேறு சண்டை. சேமலாப நிதி எந்த மாதமாவது பிந்திக் கட்டியிருந்தால் அதையும் நீங்களே சொல்லிவிடுவது மரியாதை, ஏனென்றால் ஊழியர் தன் கணக்கைப் பார்த்து எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு சம்பவம். தலவாக்கலைப் பக்கம் ஒரு சங்கத்தில், பெயர் வேண்டாம், இதே மாதிரி ஒரு சமயம் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய மாதிரி ஒரு பாட்டி கடைக்குள் வந்தார். கொழுந்துக் கூடைக் கயிற்றின் தழும்பு தலைத்துணிக்குக் கீழே நெற்றியில் தெரிந்தது. ஒரு கிலோ மாவுக்குக் காசை எண்ணி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, கடைய மூடுறாங்களாமே, நான் போட்ட பங்குக் காசு என்ன ஆகும்?" என்று கேட்டார். காசாளர்ப் பிள்ளை மேசையைப் பார்த்துக்கொண்டு, "எங்களுக்கே ஒண்ணும் சொல்லல பாட்டி" என்றது. பொய் சொல்லவில்லை அந்தப் பிள்ளை. மேலே யாரும் அதற்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்த வாரமே கிராமிய வங்கி ஜன்னலில் சேமிப்புப் புத்தகங்களோடு வரிசை நின்றது. சங்கத்துக்கு அப்போது கிளை நட்டம் ஒரு சின்னத் தலைவலி, வரிசைதான் பெரிய தலைவலி ஆனது.

அதனால் உங்கள் கடிதத்தில் ஊழியருக்கான பதிலோடு, ஊழியர் வாயால் அங்கத்தவருக்குப் போகப்போகும் பதிலும் இருக்க வேண்டும். "பங்குப் பணமும் வங்கிச் சேமிப்பும் இந்தக் கிளைக் கணக்கோடு சம்பந்தப்பட்டவை அல்ல, வழக்கம்போல் எடுக்கலாம், போடலாம்" என்று ஒரு வரி, அது உண்மையாக இருக்கும் பட்சத்தில். 1995இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் வகுத்த ஏழு கொள்கைகளில் ஐந்தாவது, அறிவூட்ட வேண்டியவர்களின் பட்டியலில் அங்கத்தவரோடு ஊழியரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. உங்கள் ஊழியர்களில் பாதிப்பேராவது அங்கத்தவர்களாக இருப்பார்கள், இன்று மறைத்ததைப் பொதுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பார்கள்.

வழங்குநர்களுக்கு எவ்வளவு பாக்கி என்பதை மட்டும் எழுத்தில் வைக்காதீர்கள். காலையில் வாட்ஸ்அப்பில் போட்ட கடிதம் மத்தியானம் மொத்த வியாபாரியின் கைபேசியில் இருக்கும், அடுத்த லொறி "காசு தந்தால்தான் இறக்குவோம்" என்று நிற்கும்.

எப்போது, எப்படி? பத்தாம் திகதியை ஒட்டிய தோட்டச் சம்பள நாட்களில் வேண்டவே வேண்டாம், அன்றைக்கு அவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. போயா விடுமுறையில் எல்லோரையும் தலைமைக் காரியாலயத்துக்குக் கூப்பிடுவதும் சரிவராது. இரண்டு பஸ் மாறி வர வேண்டியவர்கள் வரும்போதே கோபத்தோடு வருவார்கள். நீங்களே போங்கள். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன் இருபது நிமிடம், முதலில் நட்டக் கிளை, அப்புறம் மற்ற நான்கும் வங்கியும், முடிந்தால் அன்றைக்கும் அடுத்த நாள் காலைக்குமாக எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். நின்றுகொண்டே பேசுங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்கட்டும். பேசி முடித்த பிறகு கடிதத்தைக் கொடுங்கள். முதலில் கொடுத்தால் தலையைக் குனிந்து வாசிப்பார்கள், உங்களைக் கேட்க மாட்டார்கள்.

தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். சிங்களக் கடிதம் ஒரு நாள் முந்திப் போனால் தமிழ் ஊழியர்களுக்கு அது வாய்மொழியாகத்தான் வந்து சேரும், வருகிற வழியில் கையும் காலும் முளைத்திருக்கும். மறுபக்கமும் அப்படியே. மொழிபெயர்ப்பைக் கைபேசிச் செயலியிடம் விடாமல், இரண்டு மொழியிலும் புழங்குகிற வங்கிப் பகுதி அக்கா யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், எந்த வரியில் அவர் நெற்றியைச் சுருக்குகிறாரோ அந்த வரியை மாற்றுங்கள்.

கேள்வி கேட்கச் சொன்னால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், "விளங்கிச்சு சேர்" என்பார்கள். நம்பாதீர்கள். கடையில் ஆக மூத்தவரிடம், "அண்ணே, பாட்டி ஒருத்தர் வந்து கடை மூடுறீங்களான்னு கேட்டா என்ன சொல்வீங்க?" என்று நீங்கள் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலில் உங்கள் கடிதம் எங்கே விளங்கவில்லை என்று தெரிந்துவிடும், அடுத்த கிளைக்குப் போகிற வழியில் திருத்திக்கொள்ளலாம்.

22ஆம் திகதி சபை எதையும் தீர்மானிக்காமல் ஒத்திவைத்தாலும் 23ஆம் திகதி காலை கீழ்க் கிளைக்குப் போங்கள். "ஒத்திவைத்துவிட்டார்கள், அடுத்த கூட்டம் இன்ன திகதி" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.