ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு காலில் செம்புள்ளிகள்: தோல் மருத்துவர் பதில்கள்

டாக்டர், தொண்டை வலிக்கு அமாக்சிசிலின் 5 நாள் சாப்பிட்டேன். முடித்து நாலு நாள் கழித்துக் கணுக்காலைச் சுற்றிச் செம்புள்ளிகள். நிறுத்திய மாத்திரையாலா வரும்?

வரும். இது ரத்தநாள அழற்சியாக (வாஸ்குலைட்டிஸ்) இருக்கலாம். மருந்தால் வரும் இந்த வகை ஒவ்வாமை பெரும்பாலும் மருந்தைத் தொடங்கி 7 முதல் 10 நாளில்தான் தலைகாட்டும். மருந்துக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், மருந்தோடு சேர்ந்து தோலின் நுண்ணிய ரத்தநாளச் சுவர்களில் படிகிறது. அதை அழிக்க வரும் வெள்ளை அணுக்கள் சுவரையே புண்ணாக்க, ரத்தம் கசிகிறது. நிற்கும்போது காலில் அழுத்தம் கூடுவதால் அங்கேதான் முதலில் தெரியும்.

ஆனால் மாத்திரை மீது மட்டும் பழி போட்டுவிடாதீர்கள். தொண்டைக் கிருமியும் இதே அழற்சியைக் கிளப்பும். இரண்டில் எது என்று பல சமயம் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அதனால்தான் ஹெபடைட்டிஸ் பி, சி உட்பட மற்ற காரணங்களுக்கும் ரத்தம் பார்க்கிறோம். மருந்துகளில், அமாக்சிசிலின் சேர்ந்த பென்சிலின் வகையிலும், செஃபலோஸ்போரின், சல்ஃபா வகைகளிலும் இது அதிகம் பதிவாகியிருக்கிறது.

காய்ச்சலும் இருக்கிறது. டெங்குப் புள்ளியா இது?

கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு என்றால் வெளுக்கும். ரத்தக் கசிவு என்றால் வெளுக்காது. டெங்குவிலும் வெளுக்காத புள்ளிகள் வரலாம்; ஆனால் அவை தட்டையானவை, ரத்தத் தட்டணுக்களும் (பிளேட்லெட்) குறைந்திருக்கும். ரத்தநாள அழற்சியில் புள்ளி விரலுக்குத் தட்டுப்படும், தட்டணு பொதுவாகச் சரியாக இருக்கும். காய்ச்சலோடு வெளுக்காத புள்ளி எதுவானாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஊசி போடுமுன் டெஸ்ட் டோஸ் போட்டார்களே, அதில் ஒன்றும் தெரியவில்லையே?

அது உடனே மூச்சு முட்டும் வகை ஒவ்வாமைக்கான சோதனை. சில நாள் கழித்து வரும் இதை அது காட்டாது.

என் பையனுக்கு வயது 7. புள்ளிகளோடு வயிற்று வலி, முட்டி வீக்கம். சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதியிருக்கிறார்கள். தோலுக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம்?

அம்மா, அந்தப் பரிசோதனையைத் தவறவிடவே கூடாது. தோலில் நடப்பது சிறுநீரகத்திலும் நடக்கலாம், வலியே இல்லாமல். குழந்தைகளுக்கு வயிறு, மூட்டு, தோல் மூன்றும் சேர்ந்தால் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் (ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் படிவதால் வரும் ரத்தநாள அழற்சி) என்பதே முதல் சந்தேகம். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகிவிடுவார்கள். ஆனாலும் புள்ளி மறைந்த பிறகும் சுமார் 6 மாதம் சிறுநீரில் ரத்தமும் புரதமும் பார்த்து, ரத்த அழுத்தமும் எடுங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ வயிற்று வலி கடுமையானாலோ இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

பயாப்சி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, கட்டாயமா?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் செய்வோம். புள்ளி தோன்றி 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும். தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சை?

சந்தேக மருந்தை, எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு நிறுத்தி, தேவையானால் வேறு வகைக்கு மாறுவது. காலை உயர்த்தி ஓய்வு. தோலோடு நின்றால் பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். புண்ணானாலோ உள்ளுறுப்பைத் தொட்டாலோதான் ஸ்டீராய்டு. அதைக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள். வாய், கண் புண்ணாகித் தோல் உரிந்தால் அது வேறு நோய். அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இனி எந்த ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிடக் கூடாதா?

அப்படியில்லை. சந்தேகப்பட்ட மருந்தையும் அதன் வகையையும் மட்டும் தவிர்க்க வேண்டும். அதற்குப் பெயர் தெரிய வேண்டும். சீட்டில்லாமல் "செட் மாத்திரை" வாங்கியவர்களிடம் நான் படும் பாடு இதுதான்: மஞ்சள் மாத்திரை, வெள்ளை மாத்திரை என்பார்கள். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பெயரையும் தேதியையும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். மருந்து விளைவுகளை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே புகார் செய்யலாம்.

கறுப்புத் தழும்பு போகுமா?

மெல்லப் போகும், மாதக்கணக்காகும். வெளுப்பாக்கும் கிரீம் வேண்டாம்.