இலைப் பணம் வரும் தேதியும் கார்டு பில் தேதியும்: முதல் கிரெடிட் கார்டு கேள்வி பதில்

நீலகிரியில் முதல் கார்டு வாங்கப்போகிற, அல்லது வாங்கிவிட்டு முழிக்கிற இளைஞர்களின் கேள்விகள். பதில் சொல்பவர் வங்கிக் கடன் பிரிவில் வேலை செய்யும் அக்கா.

குன்னூர், வயது 22, ரிசார்ட் வேலை: அக்கா, சம்பளம் 16,000. மூணு பேங்க்ல கார்டுக்கு அப்ளை பண்ணேன், மூணும் ரிஜெக்ட். கடனே வாங்கினதில்ல, அப்புறம் எப்படி சிபில் சரியில்லன்னு சொல்றாங்க?

சரியில்லை என்பதில்லை தம்பி, இன்னும் எதுவுமே இல்லை. சிபில் என்பது கடன் வரலாற்றைப் பதிந்துவைக்கும் நிறுவனம்; அது தரும் ஸ்கோர் 300 முதல் 900 வரை போகும். கடனே வாங்காதவருக்கு அந்த இடத்தில் -1 அல்லது ‘என்.ஹெச்’ என்று இருக்கும். வரலாறு இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். நாலாவது பேங்குக்கு இப்போ போகாதீங்க. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்க அறிக்கையை எடுத்துப் பார்த்தது பதிவாகும். குறுகிய காலத்தில் அப்படி நாலைந்து சேர்ந்தால், பணத்துக்கு அலைகிற ஆள் என்று அடுத்த வங்கி நினைக்கும்.

உங்களுக்குச் சரியான வழி எஃப்டி கார்டு, அதாவது வங்கியில் போட்ட நிலையான வைப்பை (எஃப்டி) ஈடாக வைத்து வாங்கும் கார்டு. கணக்கு இருக்கும் கிளையில் 20,000 ரூபாய் எஃப்டி போட்டு, அதன் பேரில் கார்டு கேளுங்க. லிமிட் பெரும்பாலும் எஃப்டியில் 75 முதல் 90 சதவீதம். 80 சதவீதம் என்றால் 16,000. எஃப்டிக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும், ஆனால் கார்டு இருக்கும்வரை அதை உடைக்க முடியாது. பில் கட்டாமல் விட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் கேளுங்க: “இந்தக் கார்டு விவரம் சிபிலுக்குப் போகுமா?” போகாத கார்டால் உங்களுக்குப் பயனில்லை. மாதம் மொபைல் ரீசார்ஜ், கேஸ் சிலிண்டர் இரண்டையும் அதில் போட்டு முழுசாகக் கட்டிவந்தால், சுமார் ஆறு மாதத்தில் ஸ்கோர் என்று ஒன்று உருவாகிவிடும்.

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்), வயது 24: ஒன்றரை ஏக்கர் தேயிலை. சம்பளச் சீட்டு கிடையாது. ஃபேக்டரியிலிருந்து இலைப் பணம் மாதம் 10லிருந்து 15க்குள்ள எப்ப வேணா வரும். கார்டு எடுக்கலாமா?

எடுக்கலாம். எஃப்டி கார்டுக்குப் பெரும்பாலும் வருமானச் சான்று கேட்பதில்லை. உங்க விஷயத்தில் முக்கியம் தேதி. இந்த மலையில் கார்டு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்: பில்லின் கடைசி தேதி 5, கையில் பணம் வருவது 12. ஆள் நாணயமானவர், ஆனால் மாதாமாதம் தாமதக் கட்டணம்.

பில் போடும் நாளுக்கும் கட்ட வேண்டிய கடைசி நாளுக்கும் நடுவில் வழக்கமாக 20 நாள் இருக்கும். பில் 28ஆம் தேதி என்றால் கடைசி நாள் அடுத்த மாதம் 18 வாக்கில் வரும். இலைப் பணம் வந்து மூணு நாள் கையில் இருக்கும். பில் சுழற்சியை, அதாவது மாதம் எந்தத் தேதியில் பில் போடுவது என்பதை, ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கார்டு வந்த முதல் வாரமே வங்கி ஆப்பிலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ கேட்டு மாற்றிடுங்க.

இன்னொன்று. மாதச் செலவு எவ்வளவு என்பதை இலை கொழுந்து விடும் மே மாத வருமானத்தை வைத்து முடிவு பண்ணாதீங்க. உறைபனி விழுகிற ஜனவரியில் எவ்வளவு வருமோ, அதை வைத்துப் போடுங்க.

ஊட்டி, வயது 23, டாக்ஸி ஓட்டுநர்: சீசன் முடிஞ்சா கை வறண்டுடும். மினிமம் டியூ, அதான் பில்லுல போட்டிருக்கிற குறைந்தபட்சத் தொகை, கட்டினா போதும்னு கார்டு கொடுத்தவர் சொன்னார். போதுமா?

தாமதக் கட்டணத்திலிருந்து தப்பிக்க மட்டும் போதும். வட்டி ஓடும். கணக்கைப் பாருங்க. பில் தேதி 10, கடைசி தேதி 30, வட்டி ஆண்டுக்கு 42 சதவீதம், அதாவது மாதம் 3.5. ஜூன் 15 அன்று 12,000 ரூபாய்க்கு போன் வாங்குறீங்க. ஜூலை 10 பில்லில் அந்த 12,000 வருகிறது. மினிமம் 5 சதவீதம், 600 ரூபாயை ஜூலை 30 அன்று கட்டுறீங்க.

முழுசாகக் கட்டாததால் வட்டியில்லாக் காலம் ரத்து. வட்டி போன் வாங்கிய ஜூன் 15லிருந்தே ஏறும். 12,000க்கு 45 நாள் வட்டி 621. மீதி 11,400க்கு ஆகஸ்ட் 10 வரை 11 நாள் வட்டி 144. இரண்டுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி 138. ஆக 903. ஆகஸ்ட் பில் 12,303 என்று வரும். 600 கட்டியும் 12,000 கடன் 12,303 ஆகியிருக்கிறது! மீதி தீரும்வரை புதிதாகத் தேய்க்கும் டீசலுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி.

அதனால் பில் பணம் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஆட்டோ டெபிட் போடும்போது கவனம். அங்கே ‘மொத்தத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு கட்டம் இருக்கும். மொத்தத்தை டிக் பண்ணுங்க. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவே எடுக்காதீங்க; எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, மேலே தனிக் கட்டணம்.

அருவங்காடு, வயது 25: லிமிட் 20,000. மாதம் 18,000 வரை போகுது, முழுசா கட்டிடறேன். ஆனா ஸ்கோர் இறங்குது?

லிமிட்டில் 90 சதவீதம் எடுத்தது அறிக்கையில் தெரிகிறது, நீங்க பிறகு கட்டியது அந்த நேரத்தில் தெரிவதில்லை. 30 சதவீதத்துக்குள், அதாவது 6,000க்குள் நிலுவை நிற்பது நல்லது. செலவைக் குறைக்க முடியாது என்றால், பில் போடும் நாளுக்கு இரண்டு மூணு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிடுங்க. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் இரு வாரத்துக்கு ஒரு முறையாவது விவரம் அனுப்புவதால், நிலுவை குறைந்தது சீக்கிரமே அறிக்கையில் பதிவாகிவிடும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். காசு கொடுத்து வாங்காதீங்க.

கூடலூர், வயது 19, கல்லூரி மாணவி: அப்பா கார்டுக் கணக்குலயே எனக்கு இன்னொரு கார்டு, அதான் ஆட்-ஆன், எடுத்தா என் ஸ்கோர் ஏறுமா?

அதை நம்பி இருக்காதீங்கம்மா. கணக்கு அப்பாவுடையது, பொறுப்பும் அவருடையது.

பந்தலூர், வயது 21: மழைக்காலத்துல டவர் போயிடும், ஓடிபி வராது. கடைசி நாள்ல கட்ட முடியாம போனா?

கடைசி தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணமும், சிபிலில் பாக்கி என்ற பதிவும் போட முடியும். ஆனால் அந்த மூணு நாளைக் கணக்கில் வைக்காதீங்க. கட்டிய பணம் கார்டில் ஏறவே ஒன்றிரண்டு நாள் ஆகலாம். ஜூன், ஜூலையில் ஐந்து நாள் முன்பே கட்டுங்க.

ஓடிபி என்றதும் இதையும் சொல்லிடறேன். “லிமிட் ஏத்தித் தர்றோம், வந்த நம்பரைச் சொல்லுங்க” என்று யார் கேட்டாலும் வையுங்க போனை. நீங்க பண்ணாத செலவு மெசேஜில் வந்தால் உடனே கார்டை பிளாக் பண்ணி, சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்க. உங்க தவறு இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை மூணு வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நஷ்டம் உங்க தலையில் விழாது. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டால் அந்தப் பாதுகாப்பு இருக்காது.

ஊட்டி, வயது 26, கடை வேலை: 9 மாசமா கட்டல. 40,000 ஆயிடுச்சு. பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்னு வசூல் ஏஜென்ட் சொல்றார். காலையில ஆறு மணிக்கே போன்.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்க அவர்களுக்கு அனுமதியில்லை. நேரத்தைக் குறித்துவைத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்க. 30 நாளில் தீரவில்லை என்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போங்க, எண் 14448.

பாதி கட்டினால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதியும். நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அதுதான் முதலில் கண்ணில் படும். ஏஜென்டை விட்டுவிட்டு நேராக வங்கியில் பேசுங்க: வட்டியைக் குறைத்து, முழு அசலையும் தவணையாகக் கட்டுகிறேன், கணக்கை ‘குளோஸ்டு’ என்று போடுங்க என்று எழுத்தில் கேளுங்க. எழுத்து வரும்வரை ஏஜென்ட் கையில் பணம் கொடுக்காதீங்க.

குன்னூர், வயது 24: ஃப்ரீன்னு வாங்கின கார்டுக்கு ரெண்டாம் வருஷம் ஃபீஸ் போட்டுட்டாங்க. மூடலாமா?

முதலில் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தரக் கேளுங்க. பழைய கணக்கு நீடிப்பது ஸ்கோருக்கு நல்லது. முடியாது என்றால், பாக்கி முழுவதும் கட்டி, ஆட்டோ டெபிட்டில் ஓடும் சந்தாக்களை நிறுத்திவிட்டு மூடச் சொல்லுங்க. பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கோரிக்கை எண்ணை எழுதிவைங்க, இரண்டு மாதம் கழித்து இலவச அறிக்கையில் மூடியிருக்கிறதா என்று பாருங்க.