பாராட்டினாலே முகம் இறுகுகிறதே!

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு அண்மையில் தலைவராகப் பொறுப்பேற்றேன். ஆண்டு இறுதி அப்ரைசலோடு நிறுத்தாமல் அடிக்கடி, நிறைகுறை இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள் என்றது நிர்வாகம். எனவே வாரந்தோறும் ஒவ்வொருவரையும் அழைத்து முதலில் ஒரு பாராட்டு, நடுவில் ஒரு குறை, முடிவில் மீண்டும் ஒரு பாராட்டு என்று பேசி வருகிறேன். இப்போது நான் பாராட்டத் தொடங்கினாலே அவர்கள் முகம் இறுகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: ஒவ்வொரு பாராட்டுக்குப் பின்னாலும் ஒரு குறை காத்திருக்கும் என்று நீங்களே அவர்களைப் பழக்கிவிட்டீர்கள். நிறையையும் குறையையும் ஒரே பேச்சுக்குள் சமன்செய்ய முயல்வதை முதலில் விடுங்கள். ஒரு குறைக்கு மூன்று பாராட்டு என்பது போன்ற கணக்குகளையும் நம்ப வேண்டாம். நல்லுணர்வுக்கும் எதிருணர்வுக்கும் ஏறத்தாழ 3:1 என்று எல்லை வகுத்த 2005ஆம் ஆண்டுக் கட்டுரையின் கணிதம் செல்லாது என்று 2013இல் வேறு ஆய்வாளர்கள் காட்டிய பிறகு, அந்தப் பகுதி திரும்பப் பெறப்பட்டது.

எத்தனை முறை சொல்கிறோம் என்பதைவிட எதைப் பற்றிச் சொல்கிறோம் என்பதே முக்கியம். பின்னூட்டம் குறித்த பழைய ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் திரட்டி, குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், சராசரியாகச் செயல்திறன் உயர்ந்திருந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் அது குறைந்தே போயிருந்தது. கேட்பவரின் கவனம் வேலையை விட்டுத் தன்னைப் பற்றிய கவலைக்குத் திரும்பும்போது பயன் குன்றுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாராட்டுக்கும் இது பொருந்தும்.

எனவே "பொறுப்பில்லாமல் இருக்கிறீர்கள்" என்று சொல்லாமல், "செவ்வாய்க்கிழமை அறிக்கையில் சென்ற மாதத் தொகையே இருந்தது; அதனால் வாடிக்கையாளருக்குத் தவறான கணக்குப் போய்விட்டது" என்று நடந்ததையும் அதன் விளைவையும் மட்டும் சொல்லிவிட்டு, என்ன நேர்ந்தது என்று கேளுங்கள். கேட்ட பிறகு பொறுமையாக இருப்பதுதான் பெரும்பாலான மேலாளர்களுக்கு வருவதில்லை. புதிய தொகை அவருக்கு வந்து சேரவே இல்லை என்றும் தெரியவரலாம். அப்போது திருத்தப்பட வேண்டியவர் அவராக இருக்க மாட்டார். அதேபோல, "நீங்கள் கெட்டிக்காரர்" என்பதைவிட, "தாமதமாகும் என்று முன்கூட்டியே சொன்னதால் மாற்று ஏற்பாடு செய்ய முடிந்தது" என்பதே அவர் மீண்டும் செய்யக்கூடிய ஒன்றைக் காட்டுகிறது.

வாராந்தரச் சந்திப்பை நிறுத்த வேண்டாம். வேலை எங்கே தடைப்படுகிறது, உங்களிடமிருந்து என்ன தேவை என்று கேட்க அது உதவும். குறை இல்லாத வாரத்தில் தேடிப்பிடித்து ஒன்றைச் சொல்லாதீர்கள். குறையோ நிறையோ, நடந்த ஓரிரு நாளுக்குள் சொல்லுங்கள். குறையைத் தனியே சொல்லுங்கள். புதியவருக்கு அடிக்கடி தேவைப்படும். அனுபவசாலியைப் பெரும்பாலும் அவர் போக்கில் விடலாம். சம்பள உயர்வுப் பேச்சை இவற்றோடு கலக்காதீர்கள், கலந்தால் மற்ற எதுவும் காதில் விழாது.

பழைய முறையைக் கைவிடுகிறீர்கள் என்பதைக் குழுவிடம் வெளிப்படையாகவே அறிவித்துவிடுங்கள். அடுத்த முறை பாராட்டும்போது, குறைக்காக அவர் காத்திருந்தாலும், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கச் செல்லுங்கள்.