அப்பத்தாவின் சிங்கர் மறுபடி ஓடுமா? – பழைய தையல் மெஷின் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அப்பத்தா தைத்த சிங்கர் கால்மெஷின் பதினைந்து வருடமாகச் சும்மா கிடந்தது. இப்போது சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது. அடிநூல் சுற்றுகிற பாபின் வட்டமாக இல்லாமல் நீளக் குச்சி மாதிரி இருக்கிறது, மெஷின் நம்பர் ஒய் என்ற எழுத்தில் ஆரம்பிக்கிறது. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: கொடுக்காதீர்கள். ஒய் என்பது ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்ற ஊரில் இருந்த சிங்கர் தொழிற்சாலை 1920களிலும் 30களின் முதல் பாதியிலும் போட்ட எழுத்து. அந்தத் தொழிற்சாலையை 1980-ல் மூடிவிட்டார்கள், ஆனால் அங்கே உள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் சிங்கர்தான். நீளக் குச்சி பாபின், அது உட்காரத் தோட்டா மாதிரி ஒரு ஷட்டில், இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் உங்களுடையது 27 வகை மெஷினாக இருக்க வேண்டும்.

முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சில சமயம் மேலே மெஷின் நன்றாக இருக்கும், இறுகிப் போயிருப்பது கீழே மிதியாக இருக்கும். பெல்ட் இல்லாமலும் அசையவில்லை என்றால் ஊசிக்குக் கீழே உள்ள இரண்டு தகடுகளையும் நகர்த்தி ஷட்டிலை வெளியே எடுத்து, உள்ளே சுற்றிக் கிடக்கிற நூல் துணுக்கை எல்லாம் குறடால் பிடுங்கிவிடுங்கள். அதற்கும் மசியவில்லையா, அப்படியானால் காரணம் அநேகமாகத் துருவாக இருக்காது, தேங்காய் எண்ணெயாகத்தான் இருக்கும். நம் வீடுகளில் மெஷின் கிறீச்சிட்டால் தலைக்கு வைக்கிற எண்ணெயையே விட்டுவிடுவார்கள், அன்றைக்கு நன்றாக ஓடும், ஆனால் இந்த மாதிரி எண்ணெய் நாள்பட நாள்பட அழுக்கோடு சேர்ந்து இறுகிப் பிசினாகிவிடும், நான் திறந்து பார்த்த மெஷின்களில் பாதிக்கு மேல் இந்தப் பிசின்தான்.

எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும், இரும்போடு இரும்பு உரசுகிற ஒவ்வொரு இடத்திலும் மண்ணெண்ணெய் சில சொட்டு விடுங்கள் (அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது), மெஷினைச் சாய்த்து அடிப்பாகத்திலும் விடுங்கள், அப்புறம் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்குக் கறுப்பு இரும்பு சூடேறி உள்ளே இருக்கிற பிசின் இளகும். பிறகு சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள், அழுத்தித் திருப்பவே கூடாது, நூலளவு அசைந்தாலே போதும், அன்றைக்கு விட்டுவிடுங்கள். நான்கைந்து நாள் இப்படியே செய்யுங்கள். என்னிடம் வந்த ஒரு மெஷின் ஒன்பதாம் நாள்தான் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது, அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். சுற்ற ஆரம்பித்ததும் அழுக்கை முழுக்கத் துடைத்துவிட்டு, மெஷின் எண்ணெய் என்றே கேட்டு வாங்கி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சொட்டு விடுங்கள். இதை மறந்துவிடாதீர்கள், மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர தேய்மானத்தைத் தடுக்காது.

அந்தக் குச்சி பாபின்களையும் ஷட்டிலையும் பத்திரமாக வையுங்கள். வட்ட பாபின் இதற்குச் சேராது.

கேள்வி: ஊரில் ஒருவர் வந்து, பழைய சிங்கர் ஊசியில் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, செல்போனைப் பக்கத்தில் வைத்தால் லைன் கட்டாகும், அப்படி ஆனால் பல லட்சம் கிடைக்கும், ஆனால் சோதித்துப் பார்க்க முன்பணம் கொடுக்க வேண்டும் என்கிறார். நிஜமா அண்ணே?
– வாசகர், மேலூர்

பதில்: சுத்தப் பொய். 2009-ல் சவுதி அரேபியாவில் இதே புரளி கிளம்பி, அங்கே பழைய சிங்கர்கள் லட்சக்கணக்கான ரியாலுக்கு விலை பேசப்பட்டன, செல்போன் கதைகூட அங்கே சொன்னதுதான். ஊசி வெறும் எஃகு, நூறு மெஷினைப் பிரித்தாலும் உள்ளே இரும்பும் பழைய எண்ணெயும்தான் இருக்கும். ஒரு பைசா கொடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள், இப்படிப் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இல்லாதப்பட்டவர்கள்.

கேள்வி: மெஷின்மேல் இருக்கிற தங்கநிறப் பூ வேலைப்பாடு மங்கிவிட்டது. பெயின்ட் அடித்துப் புதிதாக்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வேண்டாம். பெயின்ட் புதிதாகிவிடும், பழைய பூ திரும்ப வராது. அந்தப் பூவின்மேல் அரக்கு வகை மெருகு பூசியிருப்பார்கள், ஸ்பிரிட்டோ தின்னரோ பட்டால் அது கரைந்து தங்கமும் கூடவே போய்விடும். ஆரம்பத்தில் நானே தின்னர் போட்டுத் துடைத்து ஒரு மெஷினின் பூவை முழுசாக அழித்திருக்கிறேன், அந்த வெற்று இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் மனசு வலிக்கிறது. பஞ்சில் மெஷின் எண்ணெய் தொட்டு, உள்ளங்கை அகலத்துக்கு மெதுவாகத் துடையுங்கள். பஞ்சில் பொன்நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: இயந்திரங்களை எதிர்த்த காந்தி தையல் மெஷினை மட்டும் ஏற்றுக்கொண்டார் என்கிறார்களே?
– ஆசிரியர், வாடிப்பட்டி

பதில்: ஆமாம், 1924-ல் சொன்னார். கண்டுபிடித்தவற்றில் பயனுள்ள சிலவற்றில் ஒன்று என்றார், மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் என்பவர் அதைச் செய்தார் என்றும் சொன்னார். அதற்கு மூன்று வருடம் முன்னால், 1921 செப்டம்பரில், நம் மதுரை மேலமாசி வீதியில்தான் அவர் தைத்த சட்டையை விட்டுவிட்டு அரைவேட்டிக்கு மாறினார் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் மனைவி விஷயம் வரலாறு இல்லை. 1850-ல் பாஸ்டனில் ஒரு பட்டறைக்குப் பழுதுபார்க்க வந்த வேறொருவரின் தையல் மெஷினைப் பார்த்து, இதை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று சிங்கர் இறங்கினார், 1851-ல் காப்புரிமை வாங்கினார். முழுக்க வியாபாரம். ரிப்பேருக்கு வந்த மெஷினிலிருந்து சிங்கர் பிறந்தது என்பது, ரிப்பேர் செய்கிற எனக்கு இன்னும் பிடித்த கதை.

கேள்வி: சிங்கர் 15 மாடலுக்கு பாபின் கேஸ் (பாபின் உட்காருகிற கூடு) மதுரையில் கிடைக்குமா? தையல் போட்டால் துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாக வருகிறது.
– வாசகர், செல்லூர்

பதில்: கிடைக்கும். நம் உஷா கறுப்பு மெஷின்களும் 15-ன் அமைப்பில் வந்தவைதான், அதனால் உஷா பாபின் கேஸ் பெரும்பாலும் பொருந்தும், பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். புதுமண்டபத்தில் காலங்காலமாகத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரர்களைத் தெரிந்தால் அவர்களிடம் கேளுங்கள், அவர்களை மிஞ்சி மெஷின் தெரிந்தவர்கள் இங்கே குறைவு.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. அடியில் வளையம் விழுந்தால் எல்லோரும் பாபினைத்தான் குற்றம் சொல்வார்கள், கோளாறு மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சேர்ந்திருக்கும் பஞ்சைத் துணியால் எடுத்துவிட்டு, நூல் இரண்டு தட்டுக்கும் நடுவில் முழுசாக இறங்குகிறதா என்று பாருங்கள். ஊசியையும் பாருங்கள்: நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்கண்ணில் நுழைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தட்டைப் பகுதி இருக்க வேண்டும். இதெல்லாம் செய்தும் வளையம் வந்தால், அப்புறம் பாபின் கேஸ் வாங்கப் போங்கள்.