அப்பாவின் கிளியைத் திறந்துவிடலாமா?

வணக்கம் சார்,

அப்பா போன மாசியில் தவறிவிட்டார். அவர் பல வருஷமாகக் கூண்டில் வளர்த்த பச்சைக்கிளி இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அப்பா குரலிலேயே "சாந்தி, தண்ணி" என்று கூப்பிடுகிறது, அம்மா அதைக் கேட்டு அழுகிறார். வருஷத் திதியன்று திறந்துவிட்டால் அப்பாவுக்குப் புண்ணியம் என்பது அம்மாவின் எண்ணம். பிள்ளை மாதிரி வளர்ந்ததை விரட்டுவதா, நாமே வைத்துக்கொள்வோம் என்கிறார் என் கணவர். எது நியாயம்?

கே., கும்பகோணம்

அன்புள்ள கே.,

இரண்டுமே வேண்டாம்.

முதலில் அம்மா சொல்வது. பறக்காமலேயே வருஷக்கணக்கில் இருந்த பறவைக்கு நெஞ்சுச் சதை தளர்ந்துபோயிருக்கும், இறகை வேறு வெட்டியிருந்தால் அது உதிர்ந்து புதிது முளைக்கவே பல மாதம் ஆகும். கதவைத் திறந்தால் தத்தித் தத்தி மதில்வரை போகும், அங்கே காக்கைகள் சூழ்ந்துகொள்ளும், கீழே பூனை இருக்கும். தட்டில் வைத்த சோற்றையும் மிளகாய்ப் பழத்தையும் தின்று பழகியதற்கு எந்த மரத்தில் எப்போது என்ன பழுக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? மனிதர்களைக் கண்டு பயமும் இல்லாததால், தப்பித்தவறிப் பிழைத்தாலும் யார் வீட்டு ஜன்னலிலாவது போய் உட்கார்ந்து மறுபடி கூண்டுக்குள்தான் போகும். அம்மாவின் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் புண்ணியம் நமக்கு, அவதி கிளிக்கு என்றால் அது என்ன புண்ணியம்?

உங்கள் கணவர் சொல்வதிலும் பாசம் இருக்கிறது. ஆனால் பச்சைக்கிளி வீட்டுப் பிராணி இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், குஞ்சிலிருந்து வளர்த்தோம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. 2024 தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு கிளி ஜோசியரை வனத்துறை பிடித்தபோதுதான் நம்மில் பலருக்கு இது தெரியவந்தது. கடையில் கூண்டு கூண்டாக விற்கிற லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டு இனம், தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே குஞ்சு பொரித்து வந்தவை. நம் ஊர்ப் பச்சைக்கிளி அப்படி இல்லை. மொட்டைப் பனையின் பொந்துக்குள் கையை விட்டு, இறகுகூட முளைக்காத குஞ்சுகளை எடுத்து, துணிப்பையிலோ அட்டைப்பெட்டியிலோ திணித்துக்கொண்டு போகிறார்கள், வழியிலேயே செத்துப்போவது போக மிச்சம்தான் வீடுகளுக்கு வருகிறது. அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவர் தலைமுறையில் கிளி வளர்ப்பதை யாரும் தப்பாக நினைக்கவில்லை.

அந்தக் குரல் விஷயம்தான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. கிளி கூட்டமாக வாழ்கிற பறவை, தன் கூட்டம் எழுப்புகிற ஒலியைக் கேட்டுப் பழகித் தானும் எழுப்பும். உங்கள் வீட்டுக் கிளிக்குக் கூட்டம் என்று இருந்தது அப்பா ஒருவர்தான், அதனால்தான் அவர் குரல் அதற்கு வந்தது. அம்மாவுக்கு அந்தக் குரல் வேண்டும் என்றால் செல்போனில் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கிளியைக் கூண்டில் தனியாக வைத்திருக்க வேண்டாம்.

பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து, ஒப்படைக்க விரும்புகிறோம் என்று சொல்லுங்கள். மறைத்து வைத்திருப்பதைவிட, நாமே போய்ச் சொல்வதுதான் எல்லா வகையிலும் நல்லது. இப்படி வருகிற கிளிகளை வேறு கிளிகளோடு பெரிய கூண்டில் விட்டு, பறக்கப் பழக்கி, தேறியவற்றைத்தான் வெளியே விடுவார்கள். உங்கள் கிளி தேறாமலும் போகலாம், அப்படியானாலும் தன் இனத்தோடு இருக்கும். திதிவரை காத்திருக்கவும் வேண்டாம், அதுவரை கொய்யா, கோவைப்பழம், கீரை கொடுங்கள், வெறும் சூரியகாந்தி விதையாகப் போடாதீர்கள். கொண்டுபோகும்போது அம்மாவையும் அழைத்துப் போங்கள், அது என்ன தின்னும், எதற்குப் பயப்படும் என்று அவர்களிடம் சொல்ல அவரைவிட்டால் ஆள் இல்லை.