விசாவுக்கு ஏஜென்ட் போதுமா, லோயர் வேண்டுமா? பரந்தனிலிருந்து ஒரு பதில்

நீங்கள் கேட்டது இது: வட்டக்கச்சியில் இருக்கிறீர்கள். தங்கச்சிக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க ஒஃபர் லெட்டர் வந்திருக்கிறது. அம்மா, கனடாவில் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்குப் போக வேண்டும். இரண்டு விண்ணப்பத்தையும் ஏஜென்சியிடம் கொடுப்பதா, லோயர் பிடிப்பதா?

பரந்தனில் போட்டோக்கொப்பி, தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். விசா பைல்கள் தினமும் என் மேசைக்கு வரும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எல்லாருக்கும் லோயர் தேவையில்லை. பத்திரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போய், முன்பு எந்த நாடும் விசா மறுக்காமல் இருந்தால், ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் இரண்டு நாள் பொறுமையாக இருந்து தானே போட்டுவிடலாம். என் அம்மாவுக்கு லோயர் தேவைப்பட்டது ஏஜென்ட் செய்து வைத்த வேலையைத் திருத்துவதற்கு.

2022இல் தம்பி கனடாவில் ஸ்காபரோவிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டான். நான் டவுனில் இருந்த ஒரு ஏஜென்டிடம் மூன்றரை லட்சம் கொடுத்தேன். "நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ அண்ணை, கைரேகை வைக்க மட்டும் அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டி வாங்கோ" என்றார். ஊரில் உள்ளவர்களின் படிவத்தையெல்லாம் எழுத்துக்கூட்டிப் பார்க்கிற நான், பெற்ற தாயின் படிவத்தை ஒரு தடவையும் வாசிக்கவில்லை. கடையில் நின்று இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கம்தான்.

மாதங்கள் போய் ஒரு பின்னேரம் ஏஜென்ட் ஒரு கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கனடா விசா அலுவலகம் எழுதியது. "எந்த நாட்டிலும் விசா மறுக்கப்படவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள், எங்களிடம் உள்ள தகவல் வேறு, 10 நாளுக்குள் விளக்கம் தரவும்" என்பது அதன் சாரம். கடிதத்தின் திகதியைப் பார்த்தால் ஏழு நாள் ஏற்கெனவே போயிருந்தது. விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அவருடைய ஈமெயில். எங்களுக்கு அதன் பாஸ்வேர்ட்கூடத் தெரியாது.

நடந்தது என்னவென்றால், 2016இல் லண்டனில் இருக்கும் சின்னம்மாவிடம் போக அம்மா விசிட் விசா போட்டு மறுக்கப்பட்டிருந்தார். அதை ஏஜென்டிடம் சொல்லியும் இருந்தோம். "அதையெல்லாம் எழுதினால் றிஜெக்ட்தான், அவங்களுக்குத் தெரிய வராது" என்றார். நான் சரி என்றேனா, பேசாமல் இருந்தேனா, வடிவாக ஞாபகம் இல்லை. தெரிய வராது என்பது முழுப் பொய். கனடா, பிரித்தானியா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் கைரேகைத் தகவலைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் 40ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொய்த் தகவல் கொடுத்ததாகத் தீர்மானித்தால் ஐந்து வருடம் கனடாவுக்குள் போக முடியாது.

மூன்று நாளில் லோயர் தேட வேண்டியதாயிற்று. தம்பி ஒரு தமிழ்ச் சட்டத்தரணியைப் பிடித்து, ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காசு கட்டினான். அவர் கேட்ட முதல் கேள்வி, "முழு விண்ணப்பத்தின் பிரதி இருக்கா?" ஏஜென்ட் தந்திருந்தது நான்கு பக்கம். சண்டை பிடித்து மிச்சத்தை எடுத்தோம். அன்று இரவு லோயர் வாட்ஸ்அப்பில் அம்மாவோடு இரண்டு மணித்தியாலம் கதைத்தார்.

"மாதம் எவ்வளவு வருமானம் அம்மா?"

"அது மாட்டைப் பொறுத்தது தம்பி."

பைலில் இருந்ததோ "பால் பண்ணை உரிமையாளர், மாத வருமானம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்." அம்மாவிடம் இருந்தது கறவையில் மூன்று மாடு, இரண்டு கன்று. அடுத்த தாள் காணி மதிப்பீட்டு அறிக்கை, ஒரு கோடியே எண்பது லட்சம். அதைப் பார்த்துவிட்டு, "இது உறுதிக் காணியா, பேர்மிற்றா?" என்று கேட்டார். பேர்மிற் என்றேன், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. "விற்கேலாத காணிக்கு ஆர் இந்த விலை போட்டது?" என்றார். லோயரின் தகப்பனுக்கு ஊர் வன்னியில் புளியங்குளம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஏஜென்ட் ஏமாற்றிவிட்டார் என்று எழுதித் தப்பலாம் என்றுதான் நான் நினைத்தேன். "கையெழுத்து அம்மாவுடையது, பழியை முழுதாக அந்தப் பக்கம் தள்ளினால் எடுபடாது" என்றார். அம்மாவின் சத்தியக்கடதாசியைத் தமிழில் எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, மொழிபெயர்த்து, 2016இன் மறுப்புக் கடிதத்தையும் சேர்த்து, எது பிழை, சரியான தகவல் எது என்று மூன்று பக்கத்தில் எழுதி அனுப்பினார். ஐந்து வருடத் தடை விழவில்லை. விசா மட்டும் மறுக்கப்பட்டது.

அதற்குப் பிறகு லோயர் அவசரப்படவில்லை. அம்மாவின் ஒப்புதலோடு கனடாவின் தகவல் அறியும் சட்டத்தின்படி விண்ணப்பித்து, அதிகாரி உள்ளே எழுதி வைத்த குறிப்பைத் தம்பி எடுத்தான். அதற்கு அரசாங்கக் கட்டணம் 5 டொலர்தான். வங்கியில் திடீரென்று விழுந்த பெருந்தொகைக்கு மூலம் இல்லை என்று அதில் இருந்தது. அது தம்பி உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம், அனுப்பிய காசு, வந்த வழிக்கு ஒரு துண்டுத் தாளும் கிடையாது. அன்றிலிருந்து வங்கி வழியாக மட்டும் அனுப்பச் சொன்னார். மறுபடி போட்டது 2024இல்.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், வன்னிச் சனத்துக்கு இதில்தான் கை நழுவுகிறது. விசா அதிகாரிக்குத் தெரிய வேண்டியது, இவர் திரும்பி வருவாரா என்பது. ஏஜென்ட் அதற்குக் கோடிக் கணக்கில் ஒரு காணி விலையைக் காட்டுவார். எங்கள் லோயர் காட்டியது கமநல சேவை நிலையத்தில் கட்டிய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டுகள், பால் கூட்டுறவுச் சங்கம் மாதா மாதம் கொடுத்த கொடுப்பனவுத் துண்டுகள், பிறகு பிரதேச செயலகக் காணிக் கிளையின் ஒரு கடிதம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பேர்மிற் காணியை நினைத்தபடி விற்க முடியாது, நிபந்தனைப்படி பயிர் செய்யாமல், பராமரிக்காமல் விட்டால் பேர்மிற் ரத்தாகவும் கூடும். இதைக் குறையாக மறைக்காமல், இந்த மனுஷியை ஊரோடு கட்டி வைத்திருப்பதே இந்தக் காணிதான் என்று எழுதினார். இரண்டு ஏக்கர் வயலை இப்படியும் பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

இன்னொன்று, தொலைந்த பத்திரங்கள். எங்கள் சூட்கேஸ் 2009 யுத்தத்தில் வலைஞர்மடத்தோடு போய்விட்டது. அப்பாவின் பேர்மிற், அம்மாவின் பிறப்புப் பத்திரம், எல்லாம் அதற்குள். 1959இல் பிறந்தவரின் பிறப்புப் பத்திரப் பிரதி ஏன் 2011இல் எடுக்கப்பட்டிருக்கிறது, ஒரே பெயருக்கு மூன்று பத்திரத்தில் ஏன் மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டு என்று எங்கோ இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவர் சந்தேகப்பட்டால் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கத்தில் காரணத்தை எழுதி, பெயர் வித்தியாசத்துக்கு ஒரு சத்தியக்கடதாசி முடித்துச் சேருங்கள். அதற்குக் கனடா லோயர் வேண்டாம், கிளிநொச்சி நீதிமன்றத்துக்குப் போய்வரும் சட்டத்தரணி ஒருவர், அல்லது சமாதான நீதவான் போதும்.

அம்மா 2024 வைகாசியில் போய், காலபோக விதைப்புக்கு முன் வந்துவிட்டார். அங்கே பால் தண்ணீர் மாதிரி இருக்கிறதாம், அதுதான் பெரிய முறைப்பாடு.

இனி யாரைப் பிடிப்பது என்ற விஷயம். கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல மூன்று வகையினருக்குத்தான் அனுமதி: மாகாணச் சட்டச் சங்க உறுப்பினர்கள், கியூபெக் நொத்தாரிசுகள், குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரியில் பதிந்தவர்கள். இந்தக் கல்லூரி 2021 கடைசியில் தொடங்கியது, அதன் பதிவேட்டை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். என்னைப் போன்றவர்கள் தட்டச்சு செய்து தரலாம், ஸ்கேன் செய்து தரலாம், எதை எழுத வேண்டும் என்று காசு வாங்கிச் சொல்லக் கூடாது. பிரதிநிதி யார் என்று அறிவிக்க ஐஎம்எம் 5476 என்று ஒரு படிவம் உண்டு. ஏஜென்டிடம் "உங்கள் பெயரை அதில் போடுவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அது தேவையில்லை, நீங்களே போட்ட மாதிரிப் போடுவம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். சொந்தக்காரர் காசு வாங்காமல் உதவலாம், ஆனால் உங்கள் சார்பில் அவர் அலுவலகத்தோடு தொடர்பு கொள்வதென்றால் அவர் பெயரையும் அதில் அறிவிக்க வேண்டும்.

பிரித்தானியாவில் லோயர் இல்லாதவர்கள் குடிவரவு ஆலோசனை சொல்வதென்றால் குடிவரவு ஆலோசனை அதிகார சபையில் பதிய வேண்டும். ஓஐஎஸ்சி என்று முன்பு சொன்னது இதைத்தான், 2025 தையில் பெயர் மாறியது. பதியாமல் சொல்வது அங்கே குற்றம். ஆனால் அந்தச் சட்டம் கிளிநொச்சியில் மேசை போட்டிருப்பவரைப் பிடிக்காது. "லண்டனிலும் எங்களுக்கு ஒஃபிஸ் இருக்கு" என்று சொன்னால், அந்த லண்டன் பெயரைப் பதிவேட்டில் தேடுங்கள். சுவரில் தொங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியக அனுமதியைக் கண்டு மயங்க வேண்டாம். அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு, மாணவர் விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தங்கச்சியின் விஷயம் இலகுவானது. கல்வி ஏஜென்சிகள் "சேவை இலவசம்" என்பது பெரும்பாலும் உண்மைதான், ஏனென்றால் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கொமிஷன் கொடுக்கிறது. கொமிஷன் வருகிற பல்கலைக்கழகத்தைத்தான் நல்லது என்பார்கள், அதை மட்டும் மனதில் வையுங்கள். விசாச் சந்தேகங்களைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கே எழுதிக் கேட்கலாம், காசில்லை. காஸ் இலக்கம் (மாணவர் விசாவுக்கென்று பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி இலக்கம்) வந்த பிறகு கவனிக்க வேண்டியது வங்கிக் காசு. தேவையான தொகை 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும், அந்த 28ஆவது நாள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 31 நாளுக்குள் வர வேண்டும். ஒரு நாள் ஐந்து ரூபா குறைந்தாலும் மறுக்கலாம். "காசு காட்ட" வட்டிக்குத் தரும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மூலம் கேட்டால் அவர் வந்து பதில் சொல்ல மாட்டார். பொய்ப் பத்திரம் என்று பிடிபட்டால் பிரித்தானியத் தடை பத்து வருடம் வரை போகும்.

மாணவர் விசா மறுத்தால் 28 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு கேட்கலாம். அதிகாரி கணக்கில் பிழை விட்டிருந்தால் இது பலிக்கும், நீங்கள் பத்திரம் வைக்க மறந்திருந்தால் பலிக்காது. பிரித்தானிய விசிட் விசாவுக்கு அந்த வழியும் இல்லை, பெரும்பாலும் திருத்தித் திரும்பப் போடுவதுதான். கனடா மறுப்புக்குச் சமஷ்டி நீதிமன்றம் போகலாம், கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவென்றால் 60 நாளுக்குள். இப்படி நாள் ஓடும் இடங்களில்தான் லோயருக்குக் கொடுக்கும் காசு பெறுமதி. அவுஸ்திரேலியா யாராவது கேட்டால், லோயர் இல்லாத முகவரிடம் எம்ஏஆர்என் என்ற குடிவரவு முகவர் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள், அவ்வளவுதான்.

அம்மா ஆறு மாதத்துக்கு மேல் நிற்க வேண்டுமென்றால் அக்காவிடம் சுப்பர் விசாவைப் பற்றிக் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை நிற்கலாம். அக்கா குடும்பத்தின் வருமானம் குறிப்பிட்ட அளவுக்கு இருக்க வேண்டும், குறைந்தது ஒரு லட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதியும் வேண்டும்.

என்னுடைய மூன்றரை லட்சம் திரும்பி வரவில்லை. பொலிஸுக்குப் போனேன், பற்றுச்சீட்டு இருக்கிறதா என்றார்கள். கையில் கொடுத்த காசுக்கு ஏது பற்றுச்சீட்டு? இப்படி ஏமாந்தவர்களில் லோயருக்குக் கட்ட வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம், வருமானம் பார்த்து எடுப்பார்கள். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது தாளைத்தான். யாரிடம் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், ஈமெயில் உங்களுடையதாக இருக்கட்டும், அனுப்புவதற்கு முதல் முழுப் படிவத்தையும் நீங்களே வாசியுங்கள்.

வட்டக்கச்சி என்றால் உங்கள் அம்மாவின் காணியும் பேர்மிற்றாக இருக்கலாம். இன்னும் அப்பாவின் பெயரிலேயே கிடந்தால், பொதுமக்கள் நாளில் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய்ப் பெயர் மாற்றத்தைத் தொடங்குங்கள். எங்களுக்கு அதற்கு மட்டும் ஐந்து மாதம் போனது. அக்காவுக்கு இப்போது எத்தனை மாதம்?