பிள்ளை வளர்ப்பு கட்டாயப் பாடமானால்

கேள்வி: திருமணத்துக்கு முன்பே இளைஞர்கள் எல்லோருக்கும் பிள்ளை வளர்ப்பைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமா?

பாடம் வேண்டும். ஆனால் இருபது வயதுப் பையனையும் பெண்ணையும் வகுப்பில் உட்காரவைத்து, கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பும் திட்டமாக அது வந்தால் எனக்கு உடன்பாடில்லை. திண்டுக்கல் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் நர்சம்மா என்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் அடுப்படி வரை போகிற வேலை அது. அங்கிருந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

கல்யாணத்தைப் பதிவு செய்ய இந்தச் சான்றிதழ் வேண்டும் என்று நாளைக்கே அரசாணை போட்டால், மறு வாரம் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அது கிடைக்கும். எட்டு போடாமலே லைசென்ஸ் வாங்கினவர்கள் நம் ஊர்ச் சாலையில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாததா.

சரி, ஒழுங்காகவே நடத்துகிறார்கள் என்று வையுங்கள். காலம் பொருந்த வேண்டுமே. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 57 பள்ளிகளை எடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 13 முதல் 15 வயதுப் பெண் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, நிஜக் குழந்தை மாதிரியே அழுகிற, பாலுக்குக் கத்துகிற பொம்மை ஒன்றைக் கொடுத்து, சனி ஞாயிறு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பிள்ளை வளர்ப்பின் கஷ்டம் புரிந்தால் சின்ன வயதில் கர்ப்பமாக மாட்டார்கள் என்பது கணக்கு. 2016இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பொம்மை வாங்கிப் போன பிள்ளைகளில் 17 சதவீதம் பேர் இருபது வயதுக்குள் ஒரு முறையாவது கர்ப்பமாகியிருந்தார்கள். வழக்கமான சுகாதாரப் பாடம் மட்டும் படித்தவர்களில் 11 சதவீதம். இதை வைத்துப் பாடமே ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. மடியில் பிள்ளை இல்லாத வயதில் பிள்ளைப் பாடம் எப்படிப் போய்ச் சேரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம் ஜமைக்காவைப் பாருங்கள். கிங்ஸ்டனில் 1986, 87 வாக்கில், வயதுக்கேற்ற வளர்த்தியில்லாத 129 குழந்தைகளை வைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். நம் கிராம சுகாதாரப் பணியாளர் மாதிரி ஒருவர், பாதி வீடுகளுக்கு வாரம் ஒரு முறை போய் ஒரு மணி நேரம் உட்காருவார். காலி டப்பா, பழைய துணி என்று வீட்டில் கிடப்பதை வைத்து விளையாட்டுச் சாமான் செய்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டுவார். இரண்டு வருடம். அவ்வளவுதான் திட்டம். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, யாரும் வந்து சொல்லித்தராத வீட்டுப் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் சுமார் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய படிப்பு, பெரிய செலவு எதுவும் இல்லை. குழந்தை இருக்கும்போது, குழந்தை இருக்கும் இடத்துக்கு ஆள் போனார்.

இனி நம் ஊர். பிறந்து ஆறாவது வாரம் வாக்கில் குழந்தை மிக அதிகமாக அழும். காரணமே இல்லாமல், சாயங்காலம் ஆனால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். பிறகு தானே குறையும். இது எந்தப் பிள்ளைக்கும் சகஜம். வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள்? "பால் பத்தல." மாமியார் சொல்வார், பக்கத்து வீட்டு அத்தை சொல்வார், கடைசியில் அந்தப் பெண்ணே நம்பிவிடுவாள். அன்று இரவே டின் பால் வரும். டின் பால் குடித்த குழந்தை தாயிடம் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். பத்து நாளில் நிஜமாகவே பால் பத்தாது. அப்போது, "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே" என்பார்கள்.

நான் அந்த மாதிரி வீட்டுக்குப் போனால் முதலில் கொடியைத்தான் பார்ப்பேன். நனைத்த துணி எத்தனை காய்கிறது? ஒரு நாளில் ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போய், எடையும் ஏறினால் பால் போதுமான அளவு இருக்கிறது. இதைச் சொன்னால் அந்தப் பெண் தலையை ஆட்டுவாள். பாதிப் பேருக்கு முன்னமே தெரியும், பிரசவ வார்டிலேயே சொல்லியிருப்பார்கள். தெரிந்து என்ன செய்ய? இருபத்திரண்டு வயது மருமகள், நாலு பிள்ளை பெற்று வளர்த்த மாமியாரிடம் போய் "நர்சு சொன்னாங்க" என்று எதிர்த்துப் பேச முடியுமா? மூக்கில் எண்ணெய் விட வேண்டாம், அது நுரையீரலுக்குள் போய்ச் சளிக் காய்ச்சலாகும் என்று நான் சொல்லிவிட்டு வருவேன். குளிப்பாட்டுகிற ஆயாவுக்கு யார் சொல்வது? ஒரு மாமியார் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "நர்சம்மா, உங்க அம்மா உங்களுக்கு ஊத்தலையா?" ஊற்றினார்கள்தான். நான் சிரித்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

அதனால்தான் 'இளைஞர்களுக்கு' என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. நம் குடும்பங்களில் கைக்குழந்தை விஷயத்தில் முடிவெடுப்பவர் இளைஞரே இல்லை. பாடம் என்றால் பாட்டியும் அதே பாயில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் நிறைய உண்டு. குழந்தையைக் காலில் போட்டுத் தாலாட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுகிற பாட்டி, ஜமைக்காவில் ஆள் வைத்துச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சும்மா செய்துகொண்டிருக்கிறார். போனைக் காட்டிச் சோறு ஊட்டும் பழக்கம் அவர் கொண்டுவந்ததல்ல.

பள்ளியில் ஒன்றுமே வேண்டாமா என்றால், கொஞ்சம் வேண்டும். ஆனால் அது கைவேலையாக இருக்கட்டும், பரீட்சை வேண்டாம். உதாரணத்துக்கு, பேதியானால் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொடி. சாதாரணமாகக் கிடைக்கும் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. பட்டம் படித்தவர்களே முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்த உப்பு குழந்தைக்கு வினையாகிவிடும். காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து, முழுசாகக் கலந்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கூடவே தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியக் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையில் பாக்கெட்டைக் கொடுத்துக் கலக்கச் சொன்னால் ஒரு பீரியடில் வந்துவிடும். அது வீட்டில் தம்பி தங்கைக்கு அன்றைக்கே பயன்படும்.

அடிக்கிற விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதைத் தடை செய்துவிட்டது. இன்னமும் வாத்தியாரிடம் போய், "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லும் அப்பாக்கள் இருக்கிறார்கள். ஸ்வீடன் 1979இல் வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தபோது, அதைப் பற்றிப் பால் பாக்கெட்டில் அச்சடித்து வீடு வீடாகப் போகவிட்டது. காலையில் குடும்பமே உட்காருகிற மேசைக்குச் சேதி போய்ச் சேர்ந்தது.

சரி, கட்டாயம் எங்கே வைக்கலாம்? தமிழ்நாட்டில் அதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்து வாங்கும் ஆர்.சி.எச். எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்று 2017இலேயே கொண்டுவந்தார்கள். அதனால் யார் வீட்டில் எப்போது குழந்தை வரப்போகிறது என்று அரசுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை, தடுப்பூசிக்கும் எடைக்கும் மட்டும் வந்து ஓடாமல், உட்கார்ந்து பேச ஓர் ஆளை அனுப்புவதைக் கட்டாயமாக்குங்கள். இப்போது ஐயாயிரம் பேருக்கு ஒரு செவிலியர் என்பது கணக்கு. பதிவேடும் டேப்லெட்டும் பார்க்கவே பொழுது போய்விடும். இன்னும் ஆள் போட்டால்தான் நடக்கும்.

அப்பாக்கள் வர வேண்டாமா என்று கேட்பீர்கள். வரத்தான் வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. எங்கள் பக்கத்து நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறவனுக்கு என்ன உண்டு? பல தம்பிகள் வாசலில் பைக்கை நிறுத்தியபடியே, "அக்கா, நீங்க அவகிட்ட சொல்லிருங்க" என்று கிளம்பிவிடுவார்கள். எல்லோரும் பொறுப்பில்லாதவர்கள் இல்லை, ஒரு ஷிப்டு போனால் அன்றைய கூலி போச்சு. தகப்பன் வராவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையில் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். அந்தப் பணம் பெண்ணுக்கு வருவது, அவளைத் தண்டித்து என்ன பயன். அவனுக்கு அந்த அரை நாள் கூலியை முதலாளி தருவாரா, அரசு தருமா என்று முதலில் முடிவு செய்யட்டும். அப்புறம் அவனையும் கட்டாயம் வா என்று கூப்பிடலாம்.